அரிய தாவரம் வளரும் மண்ணின் சத்து நிலையை அறிவது எப்படி?

ஓர் அரிய தாவரத்தைக் காக்கவோ வேறிடத்தில் வளர்க்கவோ முனைபவர்கள், அது இயற்கையாக வளரும் மண்ணில் எந்தச் சத்து எந்த அளவில் இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்கு முன் அந்த நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுவது கட்டாயம்.

செடியின் தூருக்கு அருகில் தோண்டவே கூடாது. வேர் படர்ந்திருக்கும் பரப்பைத் தவிர்த்து, சருகை விலக்கிவிட்டு, மெல்லிய மண் துளைப்பானால் 15 செ.மீ. ஆழம் வரை பல இடங்களில் சிறிது சிறிதாக மண் எடுத்து ஒன்றாகக் கலந்து, குழிகளை மூடிவிடுங்கள். வேரழுகலை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா போன்ற நோய்க்கிருமிகள் கருவியிலும் காலணியிலும் ஒட்டிய மண்ணோடு பரவுவதால், ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குச் செல்லுமுன் இரண்டையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும்.

பலர் தவறவிடும் படி ஒன்று உண்டு: அதே சரிவும் நிழலும் இருந்தும் அந்தத் தாவரம் வளராத பக்கத்து இடங்களிலிருந்தும் அதே எண்ணிக்கையில் மாதிரி எடுக்க வேண்டும். இந்த ஒப்பீடு இல்லையேல், கிடைத்த எண்கள் அப்பகுதி மண்ணின் பொது இயல்பா, தாவரம் நிற்கும் இடத்துக்கே உரியவையா என்று சொல்ல முடியாது.

மண்ணை நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். ஆனால் தழைச்சத்தின் (நைட்ரஜன்) வடிவங்களான நைட்ரேட், அம்மோனியம் ஆகியவற்றை அளப்பதற்கான பகுதியை உலர்த்தாமல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து விரைவாகச் சோதிக்க வேண்டும்; இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் அவற்றின் அளவை மாற்றிவிடும். கார அமில நிலையை முதலில் அளப்பது நல்லது. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மண்ணிலிருந்து பிரித்தெடுத்து அளக்க, அமில மண்ணில் பிரே முறையும், நடுநிலை மண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் ஓல்சன் முறையும் பொருந்தும். முறையைக் குறிப்பிடாத மணிச்சத்து எண்ணால் பயனில்லை.

முடிவைப் படிக்கும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. ஆய்வகங்கள் தரும் ‘குறைவு’, ‘மிகுதி’ என்ற தரம் பயிர்களுக்கானது. காட்டுச் செடிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. பூச்சியுண்ணும் ட்ரோசெரா, தழைச்சத்து அரிதான ஈரமண்ணில் பூச்சிகளிலிருந்து அதைப் பெற்று வாழ்கிறது. அம்மண்ணில் உரம் சேர்ந்தால் வேகமாக வளரும் பிற செடிகள் அதை மூடிவிடும். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் பேங்க்சியா என்னும் புதர், மர இனங்கள் பலவற்றுக்கு மிகுதியான மணிச்சத்தே நஞ்சாகும். ஆகவே, ‘குறைவு’ என்று வந்த சத்தை உரமிட்டு நிரப்பாமல், வேறிடத்தில் வளர்க்கும் கலவையிலும் அந்தக் குறைந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.