இரவு சிரப்புக்குப் பிறகே பல் துலக்குங்கள்

எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்கு இரவு மருந்துச் சிரப்பைக் கொடுத்து முடித்த பிறகே பல் துலக்கிவிடுங்கள். கசப்பை மறைக்க, லாமிவுடின் போன்ற சிரப்புகள் பலவற்றில் சர்க்கரை சேர்க்கிறார்கள். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் அந்தச் சர்க்கரை பல்லிலேயே தங்கிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். மேல் முன்பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்பு நிறத்தில் கோடு தெரிகிறதா? அதுதான் சொத்தையின் தொடக்கம், தயவுசெய்து தள்ளிப்போடாமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள். 3 வயதுக்குள் அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். பல் முளைக்காத கைக்குழந்தைக்குச் சுத்தமான ஈரத்துணியால் ஈறைத் துடைத்தாலே சரி.

சர்க்கரையில்லாத கரையும் மாத்திரை என்றால் இந்த வரிசை அவ்வளவு முக்கியமில்லை. வாயில் வெள்ளைப் படலத்துக்கு நிஸ்டாட்டின் கொடுக்கும்போது மட்டும் நேர்மாறு: அது வாயில் தங்க வேண்டிய மருந்து, அதனால் முதலில் துலக்கிவிட்டு அப்புறம் கொடுங்கள்.