அம்மம்மாவிடம் காட்டேறிக் கதை கேட்பது எப்படி

களுவாஞ்சிகுடியில் என் அம்மம்மாவிடம் கேட்டுப் பழகிய முறை இது. ‘வாம்பயர்’ (இரத்தம் குடிக்கும் பிணம்) என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம்; எடுத்தால் படத்தில் பார்த்ததைத்தான் சொல்வார்கள். காட்டேறி என்றே கேளுங்கள். எந்த மரம், என்ன நேரம், யாரைப் பிடித்தது, எதற்குப் பயந்தது? பிள்ளை பெற்றவளின் பாய்க்கடியில் இரும்பு வைத்ததை அம்மம்மா அப்படித்தான் சொன்னார். சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுங்கள், இது முக்கியம்.

அப்புறம் ஐரோப்பாவின் வாம்பயர் கதையோடு ஒப்பிடுங்கள். 1725இல் செர்பியாவின் கிசிலியேவோ கிராமத்தில் புதைத்த ஒருவரை வாம்பயர் என்று சந்தேகித்துத் தோண்டினார்கள். வாயில் இரத்தம் இருந்ததாம். உடல் அழுகும்போது உள்ளே வாயு சேர்ந்து, கருஞ்சிவப்பு நீர் வாய்வழி வரும். அதையே இரத்தம் குடித்த அடையாளம் என்று நம்பினார்கள். அங்கே எழுந்து வருவது பிணம். அம்மம்மாவின் காட்டேறியோ புளியமரத்தில் இருப்பது. இந்த வித்தியாசத்தையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.