தோப்புக் களைக்குப் பழைய மினி டிராக்டர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னந்தோப்பில் புல் பூண்டு வெட்டுவதற்காக வண்டி வாங்குகிறீர்கள் என்றால், முதலில் ஸ்லாஷரின் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக் களை வெட்டும் சுழல் பிளேடு கருவி) அகலத்தை முடிவு செய்யுங்கள். மலிவாக அகப்பட்ட வண்டியை வாங்கிவிட்டு அதற்குக் கருவி தேடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. 15 ஹெச்.பி. இன்ஜினில் பி.டி.ஓ.வுக்கு (கருவியைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) வந்து சேர்வது ஏறக்குறைய 12 ஹெச்.பி.தான். மண்டிக் கிடக்கும் களைக்கு வெட்டும் அகலத்தில் அடிக்கு 5 ஹெச்.பி. வரை இழுக்கும். 4 அடி ஸ்லாஷருக்கு பி.டி.ஓ.வில் 20 ஹெச்.பி. வரை தேவைப்படும் என்பதால், 24 ஹெச்.பி.க்குக் குறைந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது, கிளட்சைக் கேட்காமல் வாங்குவது. சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச் உள்ள சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தாலும், சுழலும் பிளேடின் விசை பி.டி.ஓ. வழியாக கியர்பாக்ஸுக்குத் திரும்பி வண்டியை முன்னால் தள்ளும். மரத்தடியில் நிறுத்தப் போனவர் மரத்திலேயே மோதுவார். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பி.டி.ஓ. ஷாஃப்டில் ஓவர்ரன்னிங் கிளட்ச் (விசையைக் கருவிக்கு மட்டும் கடத்தி, திரும்பி வர விடாத இணைப்பு) மாட்டினால் இந்தத் தள்ளல் நிற்கும். இரண்டையும் தனித்தனியாக விடுவிக்கும் டபுள் கிளட்ச் வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது, கியர் மாற்றும்போது பிளேடு நிற்காது.

புது பெயிண்டையும் ஹவர் மீட்டரையும் நம்ப வேண்டாம். மீட்டரை மாற்றிவிடலாம், தேய்ந்த பெடலும், கருவி மாட்டும் இடத்தில் முட்டை வடிவமாகிப்போன லிங்க் பின் துளையும் உண்மையைச் சொல்லிவிடும். சேற்றுழவு ஓடிய வண்டியா என்று கட்டாயம் பாருங்கள். பின் ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் கியர் ஆயில் டிரெயின் போல்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் பால் நிறமாக வந்தாலோ பேரிங் செலவு காத்திருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் ஆக்சிலுக்கும் இதே சோதனை.

ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்த வண்டியைப் பார்ப்பதில் பயனில்லை. குளிர்ந்த இன்ஜினைத் தொட்டுப் பார்த்த பிறகே சாவி போடச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வந்தால் இன்ஜினுக்குள் ரிங், லைனர் தேய்ந்திருக்கும். பிறகு ஸ்லாஷரை மாட்டி அரை மணி நேரமாவது களையில் ஓட்ட வேண்டும். வெறும் வண்டியாக ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் பி.டி.ஓ. வழுக்குவது தெரியாது. முடித்ததும் கருவியைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சில நிமிடத்திலேயே அது இறங்கிவிட்டால் ஹைட்ராலிக்கில் கசிவு.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். கடன் இருந்த வண்டியென்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட படிவம் 29, 30-ம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.