காவைக் காப்பாற்ற டிரஸ்ட் ஆரம்பிக்கப் போகிறீர்களா? முதலில் பெயர் வைக்காதீர்கள்

லெட்டர்பேடு வேண்டாம், ஃபிளெக்ஸ் வேண்டாம். காவு என்றால் சாமிக்கு என்று விட்டுவைத்த சிறு காடு. குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் உங்கள் ஊரில் ஒரு நாகர் காவோ சாஸ்தா காவோ மிச்சம் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு வருடம், மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலையில் அங்கே போய் நின்று பாருங்கள். என்ன மரம் நிற்கிறது, எது எப்போது காய்க்கிறது, யார் சருகு அள்ளிப் போகிறார்கள், எந்த மூலையில் குப்பை விழுகிறது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் கூட்டத்தில் ஐம்பது பேர் கை தூக்குவார்கள். எங்களுக்கும் தூக்கினார்கள். ஐப்பசி மழை முடிந்து எண்ணிப் பார்த்தால் ஏழு பேர், அதில் இரண்டு பேர் எழுபது தாண்டிய அம்மாமார். அந்த ஏழு பேர்தான் டிரஸ்டிகள், வேறு தேர்தல் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்தது நிலம் யாருடையது என்பது. ஊரில் பத்து பேரைக் கேட்டால் பத்து பதில் வரும், அதனால் சர்வே எண்ணை வைத்துப் பட்டாவையும், எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று எழுதியிருக்கும் கிராமத்து அ-பதிவேட்டையும் பாருங்கள். குடும்பக் காவு என்றால் குடும்பத்தார், கோயில் நிலம் என்றால் நிர்வாகம், புறம்போக்கு என்றால் தாலுகா அலுவலகம், யாராக இருந்தாலும் எழுத்தில் ஒரு அனுமதி வாங்காமல் ஒரு செடியையும் தொடாதீர்கள். பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் காப்புக்காட்டை ஒட்டிய ஊர் என்றால் காட்டுக்குள் வேலை வனத்துறையுடையது, உங்கள் வேலை காட்டுக்கு வெளியே உள்ள விளையிலும் (தோட்ட நிலம்) ஓடைக்கரையிலும்.

இதெல்லாம் ஆன பிறகு பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரம் பதிவு, பான் கார்டு, இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு. நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் வருமான வரித்துறையில் அதற்கான தனிப் பதிவு. பத்திரத்தில் தலைவருக்கு மூன்று வருடம்தான் என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அண்ணாச்சி ஒருவர் சாகும்வரை தலைவராக இருப்பார், காவும் அவர் கூடவே போய்விடும். நம் மாவட்டத்தில் வளைகுடாப் பணம் வராத வீடு குறைவு இல்லையா, அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். மச்சான்தானே என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். காவுக்குப் பெரிய எதிரி கோடாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது துடைப்பம் என்றுதான் சொல்வேன். சருகைக் கூட்டி எரித்து, நாகர் கல்லைச் சுற்றி சிமெண்டு போட்டு, டைல்ஸ் ஒட்டி, "சுத்தமாக இருக்கிறது பாருங்கள்" என்பார்கள். சருகுக்குள்தான் விதை முளைக்கிறது, ஈரம் நிற்கிறது, தவளையும் பாம்பும் இருக்கின்றன. நாகருக்குக் காவு விட்டதே பாம்புக்கு இடம் விடத்தானே! சண்டை போடாதீர்கள். விளக்கு வைக்கப் போகும் பாதையை மட்டும் கூட்டச் சொல்லி, மிச்சத்தை விடச் சொல்லிக் கேளுங்கள், இதை எங்கள் அம்மாமார் சொன்னபோது கேட்டார்கள், நான் சொன்னபோது கேட்கவில்லை.

பிறகு உண்ணிச்செடி, லந்தானா என்கிற களை. வெட்டோத்தியால் (வெட்டுக்கத்தி) மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் தழைக்கும். தண்டும் வேரும் சேருகிற இடத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே, மண்ணுக்குள் ஆணிவேரை வெட்டி, செடியை வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். காய்ப்பதற்கு முன்னால் செய்யுங்கள், பழத்தைத் தின்று பறவைகள் விதையைப் பரப்பிவிடும். நாங்கள் செய்த தப்பு, முழுக் காவிலும் ஒரே வாரத்தில் பிடுங்கிவிட்டோம். வெயில் தரைக்கு இறங்கியதும் அடுத்த மழையில் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற இன்னொரு களை ஏறி நின்றது. அதனால் துண்டு துண்டாகச் செய்யுங்கள், பிடுங்கிய இடத்துக்கு அடுத்த இரண்டு வருடம் திரும்பத் திரும்பப் போங்கள். கம்யூனிஸ்ட் பச்சையை மார்கழி வாக்கில் பூத்து விதை காற்றில் பறப்பதற்கு முன்னால் பிடுங்குங்கள்.

மரம் நடுவது கடைசி வேலை. பெரும்பாலும் தேவையும் இருக்காது, தானாக முளைத்த புன்னையும் நாவலும் ஆயினியும் களைக்குள் மூச்சுத் திணறிக்கொண்டு நிற்கும், குச்சி ஊன்றி அடையாளம் வைத்தாலே போதும். நடத்தான் வேண்டுமென்றால் அந்தக் காவின் விதையிலிருந்தே நாற்று எடுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பதால் ஜூனில் நட்டது காய்ந்துபோனால் அக்டோபரில் இன்னொரு வாய்ப்பு உண்டு.

உங்கள் காவுக்குப் பதில் குளம் என்றால் கணக்கே வேறு. தேரூர், வேம்பனூர் குளங்களுக்கு 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்கிற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகள் இருக்கும்போது ஆகாயத்தாமரை எடுக்கிறேன் என்று ஐம்பது பேர் இறங்கினால் அவை பறந்துதான் போகும்.

வேட்டைக்காரனையோ கண்ணியையோ பார்த்தால் நீங்கள் போய் மறிக்க வேண்டாம். நேரம், இடம் குறித்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பாம்பு பிடிப்பதையும் ஆர்வக்கோளாறில் ஆரம்பிக்காதீர்கள், 1972ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டம் உங்கள் மேலேயே பாயும். தேவாங்கு தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் எந்த மரம் என்று வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள்.

அப்புறம் அந்த நோட்டு. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது, நீங்கள் எழுதிய பட்டியலை அவர்கள் வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். நாளைக்கு ரோடு போட வருகிறவர்களிடம் காட்ட ஒரு தாள் இருக்கும். மூலநோட்டைத் தலைவர் வீட்டில் வைக்காதீர்கள், எங்களுடையது டீக்கடையில் இருக்கிறது.