கோப்பு முன்னோட்டம் தாமதமாகும்போது காரணத்தைக் கண்டறியும் முறை

விண்டோஸ் கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்ததும் முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது, படங்களுக்குப் பதிலாக வெற்றுச் சின்னங்கள் நிற்கின்றன என்றால், பெரும்பாலோர் உடனே சிறுபடங்களின் கேஷை, அதாவது ஏற்கெனவே உருவாக்கிய சிறுபடங்களைக் கணினி சேமித்து வைத்திருக்கும் இடத்தை, அழித்துவிடுகிறார்கள். அதைக் கடைசியில் செய்வதே நல்லது. அழித்த பிறகு எல்லாச் சிறுபடங்களையும் கணினி மீண்டும் உருவாக்க வேண்டியிருப்பதால், கோளாறு அங்கே இல்லாத பட்சத்தில் தாமதம் கூடவே செய்யும்.

தாமதம் எங்கே ஏற்படுகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் வலப்பக்கம் விரியும் முன்னோட்டப் பலகம் வேறு. கோப்புறைக்குள் தெரியும் சிறுபடங்கள் வேறு. ஆல்ட் விசையுடன் பி விசையை அழுத்திப் பலகத்தை மூடிப் பாருங்கள். வேகம் திரும்பிவிட்டால், அந்த வகைக் கோப்புக்கு முன்னோட்டம் காட்டும் மென்பொருளே காரணம். பிடிஎஃப் கோப்புகளில் மட்டும் பலகம் திணறுகிறது, உரைக் கோப்புகளில் திணறவில்லை என்றால், பிடிஎஃப் படிப்பானைப் புதுப்பிப்பதோ நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதோ பெரும்பாலும் போதுமானது.

பலகத்தை மூடிய பின்னும் தாமதம் நீடித்தால், வியூ பட்டியலில் டீட்டெய்ல்ஸ் தோற்றத்துக்கு மாறுங்கள். இப்போது கோப்புறை சட்டென்று திறந்தால் சிக்கல் சிறுபடங்களில்தான் இருக்கிறது. ஒரு கோப்பின் சிறுபடத்தை முதன்முறை காட்டும்போது விண்டோஸ் அந்தக் கோப்பைத் திறந்து, படத்தைச் சுருக்கி, கேஷில் சேமித்துக்கொள்கிறது. ஆகவே முதல்முறை தாமதம் இயல்பானது; ஒவ்வொரு முறையும் அதே தாமதம் ஏற்படுவதுதான் கோளாறு.

அப்படி ஏற்படும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, காம் சரோகேட் என்ற பெயரில் ஓடும் செயல்முறையைக் கவனியுங்கள். சிறுபடம் எடுக்கும் வேலை பெரும்பாலும் அதன் வழியாகவே நடக்கிறது. அது நீண்ட நேரம் சிபியூவைப் பிடித்துக்கொண்டிருந்தால், கோப்புறைக்குள் ஏதோ ஒரு கோப்பு பழுதாகியிருக்கக்கூடும். பதிவிறக்கம் பாதியில் நின்றுபோன எம்பி4 வீடியோக்களை நான் முதலில் சந்தேகிப்பேன். பல எம்பி4 கோப்புகளில் காட்சிகளின் அட்டவணை கோப்பின் இறுதியில் எழுதப்பட்டிருப்பதால், இறுதிப் பகுதி வந்து சேராத கோப்பிலிருந்து படத்தை எடுக்க முடியாது. எந்தக் கோப்பு என்று தெரியாவிட்டால், டீட்டெய்ல்ஸ் தோற்றத்தில் இருந்தபடியே பாதிக் கோப்புகளை ஒரு புதிய கோப்புறைக்கு நகர்த்தி, இரண்டையும் சிறுபடத் தோற்றத்தில் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். திணறும் பாதியை மீண்டும் இரண்டாக்குங்கள். பழுதான கோப்பு ஒன்றுதான் என்றால், ஆயிரம் கோப்புகள் இருந்தாலும் பத்தே சுற்றுகளில் அது அகப்பட்டுவிடும். அதை அழிக்கும்போது கோப்பு பயன்பாட்டில் இருப்பதாகச் செய்தி வந்தால், காம் சரோகேட் செயல்முறையை நிறுத்திவிட்டு அழிக்கலாம்.

டீட்டெய்ல்ஸ் தோற்றத்திலும் பச்சைக் கோடு ஊர்ந்தால் கோப்புறையின் வகையைப் பாருங்கள். பலவகைக் கோப்புகள் குவியும் டவுன்லோட்ஸ் கோப்புறை சில நேரங்களில் படங்களுக்கான கோப்புறையாக அமைந்துவிடுகிறது. அதன் மீது வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் கஸ்டமைஸ் தாவலுக்குச் சென்று, ஜெனரல் ஐட்டம்ஸ் என மாற்றினால் போதும். மேகச் சேமிப்பில் மட்டுமே உள்ள கோப்புகளுக்கும் நெட்வொர்க் கோப்புறைகளுக்கும் இணைப்பின் வேகமே எல்லை. அடிக்கடி தேவைப்படுபவற்றைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதான கோப்பு எதுவும் இல்லாமலே சிறுபடங்கள் தவறாகவோ வெறுமையாகவோ தெரியும்போதுதான் கேஷை அழிக்க வேண்டும். டிஸ்க் கிளீனப் கருவியில் தம்ப்நெயில்ஸ் என்பதை மட்டும் குறியிட்டு அழியுங்கள். விண்டோஸ் 10-இன் சில பதிப்புகளில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதால், அது குறியிடப்படவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே ஓகே பொத்தானை அழுத்துங்கள்.

முன்னோட்டம் மட்டுமின்றிக் கோப்புகளை நகலெடுப்பதும் இழுத்தடிக்கிறது, வன்தட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஒலி வருகிறது என்றால், மேற்கண்ட சோதனைகள் எதையும் தொடங்காதீர்கள். வட்டு பழுதாகிக்கொண்டிருக்கலாம் என்பதால், முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டுக்கு உடனே நகலெடுத்துவிடுங்கள்.