ஒரே ஆள், பல உருவம்: படம் கெடும் இடங்கள்

ஒரே ஆள் ஒரே படத்தில் நான்கைந்து இடங்களில் இருப்பது போன்ற படங்களைப் பலரும் முயன்று பார்க்கிறார்கள். கேமராவை ஓரிடத்தில் வைத்து, ஆளை இடம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, அவற்றை ஃபோட்டோஷாப்பில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் வழி. சரியாக வராவிட்டால், ‘எனக்கு ஃபோட்டோஷாப் கைவரவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தப் படம் எடுக்கும்போதே கெட்டுப்போயிருக்கும். கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலத்தில், லென்ஸின் ஒரு பாதியை மூடி ஒரு முறை, மறுபாதியை மூடி இன்னொரு முறை என்று ஒரே தகட்டில் இருமுறை பதிவுசெய்து இந்த வித்தையைச் செய்தார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் ஆளைத் தவிர எதுவும் மாறக்கூடாது.

அதை முதலில் மீறுவது கேமராதான். ஆட்டோவில் விட்டால், வெள்ளைச் சட்டை போட்டவர் லென்ஸுக்குப் பக்கத்தில் வந்ததும் அது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்துக்கொள்ளும். அந்த ஒரு படத்தில் மட்டும் பின்சுவர் இருண்டுபோகும். ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எல்லாவற்றையும் மேனுவலில் நிறுத்திவிடுங்கள். பலரும் மறப்பது ஃபோகஸை. ஃபோகஸ் தூரம் மாறினால் பல லென்ஸ்களில் காட்சியே இம்மியளவு பெரிதாகும் அல்லது சிறுக்கும். பிறகு கதவுச் சட்டம் கதவுச் சட்டத்தோடு சேராது. ஒரு முறை ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அப்பெர்ச்சரை எஃப்/8 அளவில் வைத்தால் முன்னே நிற்பவரும் பின்னே நிற்பவரும் ஓரளவு தெளிவாகவே வருவார்கள். பெரும்பாலான மொபைல்களில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும்.

டிரைபாட் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் விரலால் ஷட்டரை அழுத்தினால் கேமரா நகரும். ரிமோட் அல்லது குறித்த இடைவெளியில் தானாகவே படமெடுக்கும் இன்டர்வெல் டைமர் நல்லது. இலேசான அசைவை, படங்களைத் தானாகவே ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும் ஃபோட்டோஷாப்பின் ‘ஆட்டோ அலைன்’ சரிசெய்துவிடும். டிரைபாடே இடம் மாறிவிட்டால், அருகில் உள்ள பொருளும் தூரத்தில் உள்ள பொருளும் வேறுவேறு அளவில் விலகும். அதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

அடுத்தது நிழல். நான் பார்க்கும் படங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தோற்கின்றன. ஆளின் உடம்பை ஒட்டிக் கச்சிதமாக வெட்டி எடுத்து ஒட்டுகிறார்கள். காலடியில் தரையில் விழுந்த நிழல் போய்விடுகிறது, ஆள் அந்தரத்தில் மிதக்கிறார். பின்னணி எல்லாப் படத்திலும் ஒன்றேதான் என்றால், ஒட்டி வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, லேயர் மாஸ்க்கில் (மேலே உள்ள படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் வசதி) மென்மையான பெரிய பிரஷ் எடுத்து, ஆள், நிழல், சுற்றிலும் ஒரு சாண் இடம் என எல்லாவற்றையும் சேர்த்தே திறந்துவிடுங்கள். ஓர் உருவம் இன்னோர் உருவத்தை மறைக்கும் இடத்தில் மட்டும்தான் நுணுக்கமான விளிம்பு வேண்டும். அங்கேயும் தலைமுடி வந்தால் பாடுபட வேண்டியிருக்கும். ஆகவே தொடக்கத்தில் உருவங்களுக்கு நடுவே இடைவெளி விட்டே எடுங்கள்.

நிழலோடு முடியவில்லை. சோபாவில் உட்கார்ந்தால் மெத்தை அமுங்கும், பக்கத்து மெத்தையும் கொஞ்சம் சரியும். மேசைக் கண்ணாடியில் கை பிரதிபலிக்கும். சிவப்புச் சட்டையின் சாயல் பக்கத்துச் சுவரில் ஏறும். மாஸ்க்கை விரிவாகத் திறந்தால் இவை பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும். ஆளே இல்லாத வெற்றுக் காட்சி ஒன்றையும் கட்டாயம் எடுத்துவையுங்கள். எங்காவது ஓட்டை விழுந்தால் அடைக்க அதுதான் உதவும்.

தொழில்நுட்பம் எல்லாம் சரியாக இருந்தும் படம் பொய்யாகத் தெரிந்தால், கண்களைப் பாருங்கள். நிற்பவர் உட்கார்ந்திருக்கும் தன்னிடம் பேசுகிறார், பார்வையோ தலைக்கு மேலே போகிறது. உட்கார்ந்தவரின் கண் இருந்த உயரத்தில் ஒரு கம்பையோ ஸ்டாண்டையோ நிறுத்தி, அதைப் பார்க்கச் சொல்லி எடுங்கள். பிறகு அதை மாஸ்க்கில் மறைத்துவிடலாம். யார் யாரைப் பார்க்கிறார், யார் கை எங்கே நீள்கிறது என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் கிறுக்கிக்கொள்வதும் நல்லது.

வெளியில் எடுப்பதானால் வேகம் முக்கியம். மேகம் ஒன்று குறுக்கே வந்தால் நிழலின் கூர்மையே மாறிவிடும், பிரகாசத்தைக் கூட்டிக் குறைத்து அதைச் சமன்செய்ய முடியாது. மேகம் விலகும்வரை காத்திருங்கள். வெகுநேரம் ஆகி வெயிலின் கோணம் மாறிவிட்டதென்றால், முதல் உருவத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுங்கள்.