பூட்டிய போனிலும் ஓடிபி தெரியும்: புதியவர்களுக்கான பாதுகாப்புச் செய்முறை

சில மாதங்களுக்கு முன் ஒரு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். போன் பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் திரை சட்டென்று ஒளிர்ந்து, வங்கி அனுப்பிய ஓடிபி முழுசாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் என் போனைச் சோதித்தேன். அதிலும் அப்படியேதான்.

அன்றிலிருந்து போன் பாதுகாப்பு பற்றி யார் கேட்டாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் வைக்கிறேன்: உங்களுக்கு வரும் ஓடிபியை உங்களைத் தவிர வேறு யார் பார்க்க முடியும்? போனைக் கையில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். செட்டிங்ஸில் உள்ள பெயர்கள் போனுக்குப் போன் சற்று மாறும். கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸில் உள்ள தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து பாருங்கள்.

படி 1: பூட்டுத் திரை

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், பூட்டுத் திரையில் முக்கியமான தகவலை மறைக்கும் தெரிவைப் போடுங்கள். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் 'ஷோ பிரிவ்யூஸ்' என்பதைத் தொட்டு 'வென் அன்லாக்டு' என்று மாற்றுங்கள். இனி செய்தி வந்திருப்பது தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

அப்படியே பூட்டு எண்ணையும் பாருங்கள். 4 இலக்கம் என்றால் மொத்தம் 10,000 சாத்தியங்கள். 6 இலக்கம் என்றால் 10 லட்சம். இரண்டு இலக்கம் கூட்டினால் நூறு மடங்கு கடினம். பிறந்த தேதி மட்டும் வேண்டாம்.

படி 2: சிம்முக்கும் ஒரு பூட்டு

பலரும் தவறவிடும் இடம் இது. போனை எவ்வளவு கெட்டியாகப் பூட்டினாலும், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி அங்கே போய் இறங்கும். 'சிம் பின்' (சிம்முக்கான ரகசிய எண்) போட்டுவிட்டால் அந்த வழி அடைபடும். சிம்மை வேறு போனில் போட்டாலும் சரி, போனை அணைத்துப் போட்டாலும் சரி, அந்த எண்ணைக் கேட்கும்.

ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டி பகுதியில் 'சிம் லாக்', ஐபோனில் மொபைல் டேட்டா பகுதியில் 'சிம் பின்'. இங்கே ஒரு எச்சரிக்கை. முதல்முறை போடும்போது, சிம் நிறுவனம் ஏற்கெனவே வைத்திருக்கும் பின்னைக் கேட்கும். ஊகித்துப் போடாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு பியுகே எண் (பூட்டிய சிம்மைத் திறக்கும் எண்) கேட்கும். அதையும் பத்து முறை தவறினால் அந்த சிம் அவ்வளவுதான். நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு உங்கள் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள்.

உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிடும் மோசடியை சிம் பின் தடுக்காது. அதற்குப் படி 4.

படி 3: செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகள்

ஆண்ட்ராய்டில் பிரைவசி பகுதிக்குள் 'பெர்மிஷன் மேனேஜர்' இருக்கும். முதலில் எஸ்எம்எஸ் என்பதைத் திறந்து, உங்கள் செய்திகளைப் படிக்க யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். டார்ச் செயலிக்கும் விளையாட்டுக்கும் அங்கே என்ன வேலை? தயங்காமல் எடுத்துவிடுங்கள். (ஐபோனில் வெளிச் செயலிகள் எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து படிக்க முடியாது.)

அடுத்தது இன்னும் முக்கியம்: 'ஆக்ஸசிபிலிட்டி'. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்ட வந்த நல்ல வசதி அது. ஆனால் அந்த அனுமதி கிடைத்த செயலி திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் முடியும். பணம் திருடும் செயலிகள் விரும்பிக் கேட்பது இதைத்தான். நீங்கள் அறிந்து கொடுத்தது தவிர எது இருந்தாலும் நிறுத்துங்கள். 'நோட்டிஃபிகேஷன் ஆக்ஸஸ்' (போனுக்கு வரும் அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி) பட்டியலையும் இதேபோல் பாருங்கள், ஓடிபி அந்த வழியாகவும் கசியும்.

இருப்பிடத்துக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும். வானிலைச் செயலிக்குத் தோராயமான இடம் தெரிந்தாலே போதும். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் அப்படிக் கொடுக்க முடியும். அதே பதிப்புகளில் இருந்துதான் கேமராவோ மைக்கோ ஓடினால் திரையின் மேல்பக்கம் ஒரு சிறு புள்ளி தெரிகிறது. காரணமில்லாமல் அது தெரிந்தால் எந்தச் செயலி என்று உடனே பாருங்கள்.

படி 4: முடிந்த இடத்தில் எஸ்எம்எஸ் ஓடிபியை விடுங்கள்

மின்னஞ்சலில் இருந்து தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பெல்லாம் அங்கேதான் வருகிறது. பாதுகாப்புப் பகுதியில் 'ஆதென்டிகேட்டர்' செயலியைத் தேர்ந்தெடுத்துத் திரையில் தெரியும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண் உங்கள் போனுக்குள்ளேயே உருவாகும். சிம் யாரிடம் போனாலும் இந்த எண் போகாது. போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய, கூடவே தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிவையுங்கள்.

'பாஸ்கீ' (பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போனைத் திறக்கும் முறையிலேயே கணக்கில் நுழைவது) வசதி இருந்தால் அதையே எடுங்கள் என்பேன். ஆதென்டிகேட்டர் எண்ணைக்கூட போலித் தளத்தில் ஏமாந்து போட்டுவிட முடியும். பாஸ்கீ, அது உருவான தளத்தில் மட்டும்தான் வேலை செய்யும்.

படி 5: பணம் செலுத்தும்போது

கட்டணப் பக்கத்துக்குச் செய்தியில் வந்த இணைப்பு வழியாகப் போகாதீர்கள். முகவரியை நீங்களே தட்டுங்கள், அல்லது செயலியைத் திறங்கள். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் இணைப்பு மறையாக்கம் ஆகியிருக்கிறது (வழியில் யாரும் படிக்க முடியாது) என்று மட்டும்தான் பொருள். மோசடித் தளமும் அந்தப் பூட்டை வாங்கலாம். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023-ல் அந்தப் படத்தையே மாற்றியது.

'கார்டைச் சேமிக்கவா?' என்று கேட்டால், எப்போதாவது போகும் தளத்தில் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆப்பிள் பே, கூகுள் பே போன்றவற்றில் கார்டைச் சேர்த்துப் பணம் கட்டும்போது, பொதுவாக விற்பவருக்கு உங்கள் உண்மையான கார்டு எண்ணுக்குப் பதில் வேறொரு எண்தான் போகும். அங்கே தகவல் கசிந்தாலும் உங்கள் கார்டு எண் தப்பும்.

கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் பெறுபவர் பெயரைப் படித்துவிட்டுத்தான் பணம் செலுத்தும் ரகசிய எண்ணை ('பின்') போட வேண்டும். உங்களுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லி யாராவது பின் கேட்டால் அது திருட்டு. பணம் வாங்க பின் தேவையே இல்லை.

'உங்கள் கணக்கைச் சரிசெய்கிறேன், இந்தச் செயலியைப் போடுங்கள்' என்று போனில் யாராவது சொன்னால் அங்கேயே துண்டியுங்கள். திரையைப் பகிரும் செயலியை நீங்களே போட்டுக் கொடுத்த பிறகு, மேலே செய்த அத்தனையும் வீண். ஓடிபி வரும்போது உங்களோடு சேர்ந்து அவரும் பார்ப்பார். மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று தயங்கித்தான் நல்லவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். துண்டித்துவிட்டு, கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

படி 6: ஒரு தாள்

*#06# என்று அழுத்துங்கள். திரையில் வரும் ஐஎம்இஐ எண் (உங்கள் போனின் தனி அடையாள எண்), சிம் நிறுவனத்தின் உதவி எண், வங்கியின் உதவி எண், படி 4-ன் மாற்றுக் குறியீடுகள் ஆகியவற்றை எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். போன் தொலைந்தால் வேறொருவர் போனிலிருந்து முதலில் சிம்மை முடக்குங்கள், அடுத்து வங்கி, பிறகு தொலைந்த போனைத் தேடித் தரும் 'ஃபைண்ட்' வசதி மூலம் போனைப் பூட்டுங்கள். இந்தத் தாளைப் படம் எடுத்து அதே போனில் வைத்துக்கொள்ள வேண்டாம்.